கண்ணாடியைக் கழற்றினால்

நகரசபை மண்டபத்தின் பின்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. கதவில் ‘ஒலிபெருக்கி அறை’ என்று எழுதியிருந்தாலும் எல்லாரும் அதைக் கூண்டு என்றுதான் சொன்னார்கள். கூண்டில் உட்கார்ந்து மைக்குகளைத் திறப்பதும் மூடுவதும் அவள் வேலை. மைக்கம்மா என்று யாரோ கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே அவள் பெயராக நிலைத்துவிட்டது.

அவள் அக்காவுக்கும் பட்டப்பெயர் உண்டு. பிரேக்கம்மா. அக்கா நடத்திய டிரைவிங் ஸ்கூலின் காரில், கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. அதை அவள் மிதிக்கிற வேகத்தில் மாணவர்களின் நெற்றி முன்கண்ணாடி வரை போய்த் திரும்பும். ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப்பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு ஊரில் போய்க் கற்றுக்கொண்டவர்கள்.

“உங்க அப்பா அம்மா ஒண்ணை ஸ்விட்சா பெத்தாங்க, இன்னொண்ணை பிரேக்கா பெத்தாங்க” என்பார் மண்டபத்துக் காவல்காரர். அவள் சிரித்துவைப்பாள். தன்னை ஒரு ஸ்விட்ச் என்று சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அப்போது அவளுக்குத் தோன்றியதில்லை.

ஸ்டேடியம் விவகாரம் கிளம்பிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. ஊரின் கால்பந்து அணி மேல்பிரிவுக்கு உயர்ந்திருந்தது. பழைய மைதானம் போதாது, கூரை போட்ட ஸ்டேடியம் வேண்டும், நகரசபை கட்டித் தராவிட்டால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன் என்றார் கிளப் முதலாளி. ஒவ்வொரு வீட்டு வரியிலும் ஸ்டேடியத்துக்கென்று ஒரு தொகை கூட்டலாம் என்றார் நகரசபைத் தலைவர். ஊர் இரண்டாகப் பிளந்தது. முடிவெட்டும் கடையில் கூட, கிளப்காரர்கள் வெட்டிக்கொள்ளும் நாற்காலி, வரி வேண்டாம் என்கிறவர்கள் வெட்டிக்கொள்ளும் நாற்காலி என்று தனித்தனியாகிவிட்டது.

வரி வேண்டாம் என்ற கூட்டத்துக்கு அக்காதான் தலைவி. ‘எங்க வரியில உங்க பந்தா?’ என்று எழுதிய அட்டையைப் பயிற்சிக் காரின் பின்பக்கம் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினாள். அவள் வண்டி ஓட்டக் கற்றுத்தந்த காலி இடம் பழைய மைதானத்தை ஒட்டியிருந்தது. ஸ்டேடியம் வந்தால் அது போய்விடும். அதை அவள் மறைக்கவும் இல்லை.

மைக்கம்மாவின் கணவன் எதிர்ப்பக்கம். அவன் ஒரு காலத்தில் அதே அணியின் கோல்கீப்பர். முழங்கால் போனபிறகு ஷூ கடையில், மண்டியிட முடியாத காலோடு மண்டியிட்டு, அடுத்தவர் பாதத்தை அளந்துகொண்டிருந்தான். ஸ்டேடியம் வந்தால் மைதானப் பொறுப்பாளர் வேலை உனக்குத்தான் என்று கிளப்பில் சொல்லியிருந்தார்கள். அடையாளத்துக்கு ஒரு நீல ஜாக்கெட்டும் கொடுத்திருந்தார்கள். அவன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பதை அவள் ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தாள். பல வருடங்களுக்குப் பிறகு அவன் தோள்கள் நிமிர்ந்திருந்தன. சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டாள்.

வீட்டுக்குள் அவன் பேசினான். வெளியே அக்கா பேசினாள். அவள் இரண்டு பேர் பேச்சையும் கேட்டாள். அவள் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளிடம் பதில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். சின்ன வயசிலிருந்தே அக்கா பேசி முடித்தபிறகு வீட்டில் பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருந்ததில்லை.

ஸ்டேடியம் பற்றி ஊர்க்காரர்கள் கருத்தைக் கேட்க வைத்த பொது விசாரணை நாளன்று அவள் சீக்கிரமே மண்டபத்துக்குப் போய் மைக்குகளைச் சோதித்தாள். தலைவர் மேஜையில் மைக்கை மறைத்துக்கொண்டு ஒரு சொட்டு மருந்துக் குப்பி நின்றது. அதை ஓரமாக நகர்த்திவைத்தாள். உள்ளே வந்த தலைவரின் கண்கள் இரண்டும் மிளகாய் பட்டதுபோலச் சிவந்திருந்தன.

“கண்ணுல ஏதோ தொத்திக்கிச்சும்மா. ஊரே ஒருத்தரை ஒருத்தர் முறைச்சிக்கிட்டு நிக்குது, அது எனக்கு வந்திடுச்சு போல” என்றார்.

தலைவர் கெட்டவராக நடந்துகொண்டு அவள் பார்த்ததில்லை. அதட்ட மாட்டார். ‘என்னம்மா, சாப்பிட்டியா’ என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மனிதர் குப்பை லாரி பற்றிப் பேச வந்து நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தபோது, தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கூண்டை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவள் கை தானாகப் போய், பேச வருகிறவர்களுக்கான பொது மைக்கின் பொத்தானைக் கீழே இறக்கியது. அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, ‘நன்றி, அடுத்தவர்’ என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு அவர் கண்ணாடி கழன்றால் மைக் இறங்கும். அவர் கற்றுக்கொடுக்கவில்லை, அவள் கேட்கவும் இல்லை. நல்ல வேலைக்காரிக்கு வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று அவள் அதில் ஒரு பெருமைகூட வைத்திருந்தாள்.

விசாரணைக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். மின்விசிறிகள் சூட்டைக் கலக்கிக்கொண்டிருந்தன. பின்வரிசைகளில் கிளப் பையன்கள் நீலத் துண்டுகளோடு நின்றார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். அக்காவின் முறை வந்தது. பேச்சு மேடைக்கு வந்து மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டாள். அவள் இழுத்த இழுப்பில் ஒலிபெருக்கி கிறீச்சிட்டது.

“தலைவர் ஐயா, நான் பந்துக்கு எதிரி இல்ல. பந்து உருண்டு என் வண்டிக்கடியில போனா நான்தான் குனிஞ்சு எடுத்துத் தர்றேன். என் கேள்வி ஒண்ணுதான். கட்டறது நம்ம காசு. டிக்கெட் காசு யாருக்கு? கிளப்புக்கு. கூரை ஒழுகினா யாரு சரிபண்றது? நாம. ஜெயிச்சா அவங்க கோப்பை, தோத்தா நம்ம தலையெழுத்து. இது எந்த ஊர் நியாயம்?”

“உனக்கு வண்டி ஓட்ட இடம் போயிடும்னு வயித்தெரிச்சல்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆமாண்டா, வயித்தெரிச்சல்தான். மறைச்சா பேசறேன்? எனக்கு நஷ்டம், அதனால கத்தறேன். உங்களுக்கு என்ன லாபம்னு நீங்களும் வாயைத் திறந்து சொல்லுங்களேன். இங்க கத்தற ஒவ்வொருத்தன் சட்டைப் பையிலயும் ஒரு வாக்குறுதி கிடக்கு. ஏன், என் தங்கச்சி வீட்டுக்காரரே இருக்காரு. ஒரு காலத்துல இந்த ஊரு கோல்கீப்பர். இன்னிக்கு ஒரு வேலைக்காகக் கிளப் வாசல்ல—”

கூட்டத்தில் தலைகள் திரும்பின. நீல ஜாக்கெட்டோடு சுவரோரம் நின்றிருந்த கணவனின் முகம் கறுத்துச் சுருங்கியதைக் கூண்டிலிருந்து அவள் பார்த்தாள். அதே நேரம் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் கை மைக்கை இறக்கிவிட்டது.

அக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. ஒரு கணம் மண்டபம் புரியாமல் பார்த்தது. பிறகு பின்வரிசைகள் வெடித்துச் சிரித்தன. “பிரேக்கம்மாவுக்கே பிரேக்கு!” என்று எவனோ கத்தினான். கைதட்டல் எழுந்தது. நீலத் துண்டுகள் சுழன்றன.

ஆனால் மைக் இறங்கினாலும், கூண்டிலிருப்பவளின் ஹெட்போனுக்கு அந்த மைக்கின் ஒலி வந்துகொண்டே இருக்கும். கருவியின் அமைப்பு அப்படி. மண்டபத்தில் வேறு யாருக்கும் கேட்காததை அவள் மட்டும் தெளிவாகக் கேட்டாள்.

“—வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிறாரு. அவரை மாதிரி ஒரு ஆளை இப்படி நிக்க வச்சதுக்குக் கிளப்தான் வெக்கப்படணும். அந்த மனுஷனுக்கு வேலை குடுக்கறதுன்னா என்னைக்கோ குடுத்திருக்கலாம். அதுக்கு என்னத்துக்கு ஊரு தலையில ஒரு கூரை?”

அக்கா பேச்சை நிறுத்தினாள். மைக்கைத் தட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை உயர்த்திக் கூண்டைப் பார்த்தாள்.

அவள் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. மேலே தள்ள எவ்வளவு நேரமாகும்! அவள் தள்ளவில்லை. கீழே தலைவர் தலையை அண்ணாந்து, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டபோதுதான் சிரிப்புச் சத்தம் அவருக்கு உறைத்தது.

“என்ன ஆச்சு? மைக்கை யாரு நிறுத்தினது?” என்றார் தன்னுடைய மைக்கில். “நான் நிறுத்தச் சொல்லலையே!”

ஆயிரம் கண்கள் கூண்டுக்குத் திரும்பின. அவள் மைக்கை ஏற்றினாள். அதற்குள் அக்கா மேடையிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நடுவழியே நடந்து வெளியேறிவிட்டாள்.

அன்று மாலை கணவன் வாசலிலேயே காத்திருந்தான். “கோல் லைன்ல பிடிச்சுட்டே!” என்று அவள் தோளைக் குலுக்கினான். “உள்ள போக வேண்டிய பந்தை! நான் பிச்சை எடுக்கறேன்னு சொல்ல வந்தா உங்க அக்கா. அத்தனை பேருக்கு முன்னால. நீ வாயை அடைச்சே பாரு...”

“அக்கா அப்படிச் சொல்லல.”

“மைக்தான் நின்னுபோச்சே, அவ என்ன சொன்னான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“ஹெட்போன்ல கேட்டுது.” அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டான்.

“எனக்காகப் பேசினாளா? கேட்டுக்கிட்டேவா நீ மூடி வச்சிருந்தே?” என்றான். அவள் பதில் சொல்வதற்குள் அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். “சரி விடு. என்னமோ ஒண்ணு. இதை வெளியில சொல்லித் தொலைக்காத. அவ பரிதாபம் எனக்கு வேண்டாம்.”

மறுநாள் காலை அக்கா வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“யாரு சொல்லிப் பண்ணினே? உன் புருஷனா, தலைவரா?”

“அக்கா, உள்ள வா.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஊர் பூரா அந்த வீடியோவை வச்சு சிரிக்குது. நான் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடறேன். பின்னாடி பாட்டு வேற போட்டிருக்கானுங்க. அந்நியன் பண்ணியிருந்தா துடைச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன். உனக்கு நான் என்ன குறை வச்சேன்டி?”

கண்ணாடி கழன்றது என்று சொல்லலாம். சொன்னால், அதற்கு முன்னால் கழன்ற கண்ணாடிகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாக்கடை பற்றிப் பேச வந்த சைக்கிள் கடைக்காரர். மருந்து இல்லை என்று அழுத நர்ஸம்மா. எல்லாருக்கும் ‘நன்றி, அடுத்தவர்’. அவர்களுடைய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

“பேச மாட்டே. எப்பவும் இதே. பேசாம இருந்துட்டா நல்லவளாயிடலாம்” என்றாள் அக்கா. “நாங்க மறு விசாரணை கேட்டு மனுக் குடுத்தாச்சு. பேச விடாம தடுத்தா விசாரணை செல்லாதுன்னு விதியே இருக்கு. உன்னைக் கூப்பிடுவாங்க. அப்பவும் இப்படியே நில்லு. அதுக்கப்புறம் எனக்குத் தங்கச்சி இருந்தான்னு யாராவது சொன்னா, செத்துட்டான்னு சொல்லிடறேன்.”

அக்கா சொன்னது உண்மைதான். மறு விசாரணை என்றால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். ஸ்டேடியத்துக்குக் கிளப் முதலாளி வைத்திருந்த கெடு அதற்குள் முடிந்துவிடும். ஸ்டேடியமும் போகும், நீல ஜாக்கெட்டும் போகும். தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டபோது இதையெல்லாம் ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

“வர்ற கூட்டத்துல வாக்கெடுப்பு. அதுக்கு முன்னால உறுப்பினர்கள் உன்னைக் கேப்பாங்க. வயர் கோளாறுன்னு ஒரே வார்த்தை. உன் வேலையும் தப்பும், எல்லார் மானமும் தப்பும்.”

“ஐயா கண்ணாடியைக் கழட்டினீங்க” என்றாள். தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

“கண்ணு எரிஞ்சுதும்மா. மருந்து விட வேண்டாமா?”

“எப்பவும் கண்ணாடி கழட்டினா...”

“கழட்டினா?” தலைவரின் முகத்தில் கபடமே இல்லை. “நான் என்னைக்காவது உன்கிட்ட மைக்கை நிறுத்துன்னு சொல்லியிருக்கேனா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அவள் யோசித்தாள். இல்லை. ஒருநாளும் இல்லை. இத்தனை வருடங்களாக அவர் கண்ணாடியைத்தான் கழற்றினார். மற்றதையெல்லாம் செய்தவள் அவள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது நினைவில்கூட இல்லை, அவர் நடிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கையில் ஒரு கறையும் இல்லை. கை அவளுடையது.

“கூண்டுலேர்ந்து சொன்னா அசரீரி மாதிரி இருக்கும்” என்றார் தலைவர், எழுந்துகொண்டே. “கீழ வந்து, எல்லாரும் பாக்கற மாதிரி மேடையில நின்னு சொல்லு. நம்பிக்கை வரும்.”

வாக்கெடுப்பு நாளன்று பிற்பகல் மண்டபத்தில் ஊசி விழ இடமில்லை. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் அட்டைகள். அக்கா முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தான். தலைவர் அவளை அழைத்தார். அவள் கூண்டில் பொது மைக்கைத் திறந்துவைத்துவிட்டு, ஹெட்போனை மேஜையில் கழற்றி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினாள்.

மேடையில் நின்றபோதுதான் தெரிந்தது, இங்கிருந்து பார்த்தால் கூண்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று.

எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் ஆரம்பித்தார். “விசாரணை அன்னிக்கு மைக் ஏன் நின்னுது?”

“வயர் கோளாறுதானேம்மா?” என்று தலைவர் எடுத்துக் கொடுத்தார்.

அவள் வாயைத் திறந்தாள். தன் மூச்சு மண்டபம் முழுக்கப் பரவுவதைக் கேட்டாள். இத்தனை வருடங்களில் இந்த மைக்கில் அவள் பேசியது ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, சோதனை’ மட்டும்தான்.

“வயர்ல ஒண்ணும் இல்ல” என்றாள். “நான்தான் நிறுத்தினேன்.”

சலசலப்பு.

“ஏன்?” என்றார் உறுப்பினர்.

“அது எங்க பழக்கம். அன்னிக்கு மட்டும் இல்ல, முன்னாடியும் நிறுத்தியிருக்கேன். யாராவது பேசறது தலைவருக்குப் பிடிக்கலேன்னா...”

“அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்றார் தலைவர்.

“பிடிக்கலேன்னா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வாயே திறக்க மாட்டாரு. நான் மேலேர்ந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அவரு—”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேஜையில் வைத்தார். நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார்.

கூண்டு காலியாக இருந்தது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மண்டபமும் அவர் பார்வையைப் பின்தொடர்ந்து பின்சுவருக்குத் திரும்பியது; அங்கே யாரும் இல்லை என்று கண்டு, மறுபடி அவரிடம் திரும்பியது. தலைவரின் கண்கள் அன்று தெளிந்திருந்தன. மேஜையில் மருந்துக் குப்பியும் இல்லை.

“ஐயா,” என்றாள் அவள். “அங்க யாரும் இல்ல. நான் இங்க நிக்கிறேன்.”

அந்த அமைதியில் யாரோ விக்கிய சத்தம் கேட்டது. பிறகு சைக்கிள் கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“அட, சாக்கடையைப் பத்திப் பேசறப்ப கண்ணாடி கழண்டுச்சே! அன்னிக்கு என் மைக்கும் போச்சு! நான் என் குரல்தான் கட்டிக்கிச்சுன்னு மாத்திரை வாங்கித் தின்னேனே, அட பாவிகளா!”

சிரிப்பும் கூச்சலும் ஒரே நேரத்தில் எழுந்தன. அட்டைகள் பறந்தன. ஒரு நீலத் துண்டு அவள் முகத்தில் வந்து விழுந்தது. தலைவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். அவசரத்தில் அது காதில் மாட்டவில்லை. வாக்கெடுப்பு நிறுத்தப்பட்டது, விசாரணை புதிதாக நடக்கும் என்று துணைத்தலைவர் மைக்கில்லாமலே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது; அவர் மைக்கைத் திறக்கக் கூண்டில் ஆள் இல்லை.

வெளியே வாயிலில் கிளப் பையன்கள் நின்றார்கள். ‘துரோகி’ என்றார்கள், இன்னும் மோசமாகவும் சொன்னார்கள். கணவன் அவர்களுக்கு நடுவில் நின்றான். அவன் கத்தவில்லை. அருகில் வந்தபோது, “என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டே. உங்க அக்கா கூடவே போயிடு” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். ஜாக்கெட்டின் ஜிப் பாதி இறங்கியிருந்தது. அவள் அவன் முழங்காலைப் பார்த்தாள். நிற்க முடியாமல் வாயிற்கம்பியில் சாய்ந்திருந்தான்.

டிரைவிங் ஸ்கூல் கார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றது. அக்கா ஓட்டுநர் இருக்கையிலிருந்து பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து கதவைத் தள்ளிவிட்டாள்.

“ஏறு. நீ ஓட்டு.”

“நானா?”

“என்னால இப்ப முடியாது. ஓட்டு.”

அவள் ஓட்டினாள். பையன்கள் பானெட்டைத் தட்டினார்கள். ஒருவன் ஜன்னலில் துப்பினான். சின்ன வயசில் அக்கா அவளுக்கு ஓட்டக் கற்றுத்தந்தபோது, அவள் காலை எடுப்பதற்கு முன்பே அக்காவின் பிரேக் விழுந்துவிடும். ‘நான் மிதிச்சிருப்பேனே’ என்று ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். இன்று அக்காவின் கால் அசையவில்லை. கட்டிய கைகளோடு எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்துச் சாலை வந்ததும் அக்கா பேசினாள். “அன்னிக்கும் அந்த ஆள் இப்படித்தான் கூண்டைப் பாத்தானா?”

இங்கே ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா திரும்பக் கிடைப்பாள். ஊரே நம்பிவிட்டது. யாரும் இனிமேல் தோண்டப்போவதில்லை. அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லக்கா. அன்னிக்கு அவரு கண்ணுக்கு மருந்து போட்டாரு. கூண்டைப் பாக்கவே இல்ல. குப்பி மேஜைமேல இருந்தது எனக்குத் தெரியும். காலையில நான்தான் நகத்தி வச்சேன்.”

“தெரிஞ்சுதான் நிறுத்தினியா?”

“தெரியல. அவரு கையைப் பாத்தேன், இவரு முகத்தைப் பாத்தேன். கை இறங்கிடுச்சு. ஆனா இறக்கினதுக்கப்புறம் நீ பேசினது எல்லாம் ஹெட்போன்ல கேட்டேன். இவரைப் பத்தி நீ நல்லவிதமா சொன்னதையும் கேட்டேன். ஏத்தியிருக்கலாம். ஏத்தல.”

“ஏன்?”

“நீ பேசி நிறுத்தினதை நான் பாத்ததே இல்ல. அன்னிக்குப் பாத்தேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.”

இதைச் சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

காலி இடத்தில் குத்திவைத்த பயிற்சிக் கம்புகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. பிறகு அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். குரல் மாறியிருந்தது. கூட்டத்தில் பேசுகிற குரல் அது.

“சரி. கேட்டுக்க. இது இந்த வண்டியை விட்டு வெளியில போகக் கூடாது. மறு விசாரணை முடியற வரைக்கும் தலைவர் கண்ணாடியைக் கழட்டினாரு, நீ நிறுத்தினே. அவ்வளவுதான். மருந்துக் குப்பி எல்லாம் பேசினே, எல்லாம் கவிழ்ந்திடும். புரியுதா?”

அக்கா அவளைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. புரிந்துகொள்வாள் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் அப்படியே இருந்தது. அக்கா கண்ணாடி போடுவதில்லை. ஆனாலும் அதே முகத்தைத் தலைவரிடம் அவள் கூண்டிலிருந்து பல வருடங்கள் பார்த்திருந்தாள்.

“என்னைக் கேட்டா சொல்லுவேன்க்கா” என்றாள்.

“என்னது?”

“நானா போய்ச் சொல்ல மாட்டேன். யாராவது கேட்டா, உள்ளதைச் சொல்லுவேன்.”

பிரேக் விழுந்தது. கார் நடுச்சாலையில் குலுங்கி நின்றது. அவள் நெற்றி முன்கண்ணாடியில் இடித்தது.

“இறங்கு” என்றாள் அக்கா.

அவள் இறங்கினாள். அக்கா இடம் மாறி உட்கார்ந்து, கதவை அடித்துச் சாத்தி, காரைச் சீறவிட்டுக்கொண்டு போனாள். பின்னால் கட்டியிருந்த அட்டை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

நெற்றியில் ஒரு சின்னப் புடைப்பு. அதைத் தடவிப் பார்த்தாள். மைதானத்தைக் குறுக்கே கடந்தால் வீட்டுக்குப் போகலாம்; அந்தக் காலோடு கணவன் இன்னும் வந்துசேர்ந்திருக்க மாட்டான். அவள் கம்புகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். அவனிடம் முதலில் என்ன சொல்வது என்று, வாய்விட்டே, சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.